ஒபாமாகேர் உழைக்காதவர்களுக்கான சலுகையா? டெக்சஸில் மளிகைக் கடை நடத்துபவளின் பதில்

கேள்வி: “அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா, ஒபாமாகேர் என்பது உழைக்காதவர்களுக்காக உழைப்பவர்கள் கட்டும் தண்டம் என்கிறார். குடியரசுக் கட்சி அதை எதிர்ப்பதும் அதனால்தானா?”

உங்கள் சித்தப்பா பெரிய நிறுவனம் ஒன்றில் கணினித் துறையில் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இதே வார்த்தைகளை எங்கள் கல்லாவுக்கு எதிரே நின்று சொன்ன நம்மவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்களே. நானும் என் கணவரும் டாலஸ் புறநகர் ஒன்றில் இந்திய மளிகைக் கடை நடத்துகிறோம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு ஒன்பது மணிக்குத்தான் இறக்குவோம். ஒபாமாகேர் என்பது ஜனநாயகக் கட்சியின் அதிபர் ஒபாமா 2010இல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் வந்ததால் மருத்துவக் காப்பீடு பெற்றவள் நான். உழைக்காதவள் என்று என்னை யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு 2008இல் தைராய்டு புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது கணவருக்கு நிறுவன வேலை இருந்ததால் செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. 2012இல் அவர் வேலையை விட்டுக் கடை தொடங்கினார். வேலையை விட்டவர் பழைய காப்பீட்டையே ஒன்றரை ஆண்டுவரை தொடரலாம். ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் இரண்டு சதவீதம் கட்டணம் வேறு. அதுவும் முடியும் தறுவாயில் தனிநபர் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். கணவருக்கும் மகனுக்கும் ஒப்புதல் வந்தது. எனக்கு ஒரே ஒரு தாள் வந்தது. அதில் மூன்றாவது வரியில் என் நோயின் பெயரும், அதன் கீழே ‘விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்ற வரியும் இருந்தன. ஐந்து ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை என்று மருத்துவர் கொடுத்த கடிதத்தை அனுப்பினேன். பதிலே இல்லை.

இதில் சட்டவிரோதம் எதுவும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அன்று டெக்சஸில் காப்பீட்டு நிறுவனம் பழைய நோயைக் காட்டி மறுக்கலாம். மறுக்கப்பட்டவர்களுக்கென்று மாநிலம் தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தது, பிரீமியம் சந்தை விலையைப்போல் இரண்டு மடங்கு. கடை நிலைத்து நிற்காத அந்த மாதங்களில் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அதைத்தான் கட்டினோம். 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து ‘உங்களுக்கு முன்பு என்ன நோய் இருந்தது’ என்று கேட்டு விலக்கும் வழக்கம் நாடு முழுவதும் சட்டப்படி நின்றுபோனது. எனக்கு ஒபாமாகேர் என்றால் முதலில் அதுதான்.

உடனே “நீங்கள் ஜனநாயகக் கட்சிக்காரி” என்பார்கள். இரண்டு கட்சிக்கும் வாக்களித்திருக்கிறேன், எந்தக் கட்சிக்கும் பணம் கொடுத்ததில்லை. சட்டத்தில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் குழாய் வேலை ஒப்பந்தக்காரர், பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர். “உங்கள் திட்டம் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்” என்று ஒபாமா திரும்பத் திரும்ப வாக்குக் கொடுத்தார். 2013 இலையுதிர் காலத்தில், புதிய சட்டத்தின் விதிகளுக்குப் பொருந்தாததால் அந்தப் பெரியவரின் திட்டம் ரத்து என்று கடிதம் வந்தது. புதிய திட்டத்தின் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. வருமானம் வறுமைக் கோட்டைப்போல் நான்கு மடங்கைத் தாண்டியதால், பிரீமியம் கட்ட அரசு தரும் மானியம் அவருக்கு ஒரு டாலர்கூட இல்லை. ஒபாமா அந்த நவம்பரில் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் பிரீமியத்தைக் கட்டாது. அந்தப் பெரியவரின் கோபம் நியாயமான கோபம். காப்பீடு எடுக்காதவர்களுக்கு விதித்த அபராதம் 2016இல் ஆளுக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. அதுவும் அவரைப்போன்ற பலரைச் சீண்டியது. 2017 வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டது.

ஆனால் கட்சிகளின் சண்டையை அப்படியே நம்பாதீர்கள். 2010 மார்ச்சில் இந்தச் சட்டம் நிறைவேறியபோது குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும், இயலாதவர்களுக்கு மானியம் என்ற இதே அமைப்பை 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்தவர் மிட் ராம்னி. 2012இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று, இந்தச் சட்டத்தை நீக்குவேன் என்றவரும் அவரேதான். யார் கொண்டுவந்தார் என்பதே கேள்வியாகிவிட்டால் என்ன இருக்கிறது என்பதை யார் பார்ப்பார்கள்?

இப்போது ‘உழைக்காதவர்கள்’ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடையில் காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாள், டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல், பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். அன்று அவருக்கு வாரம் 22 மணி நேர வேலை, மணிக்கு எட்டரை டாலர் கூலி. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே வரும். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்வார். 2013 டிசம்பரில் கடைக்குப் பின்னாலிருக்கும் சரக்கு அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்து, அவருக்கு விண்ணப்பம் நிரப்பினேன். அக்டோபரில் தொடங்கியபோது முடங்கிக் கிடந்த அரசு இணையதளம் அதற்குள் ஒருவாறு ஓடத் தொடங்கியிருந்தது. வருமானத்தைப் போட்டதும் திரையில் வந்தது: மானியம் இல்லை. முழு விலை மாதம் நானூறு டாலருக்கு மேல்.

அவர் ஏழை என்பதால்தான் மானியம் இல்லை! சட்டத்தை எழுதியவர்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களை எல்லா மாநிலங்களும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால் மானியமே வறுமைக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் மெடிக்கெய்டை விரிவுபடுத்தும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. முதல் மூன்று ஆண்டுகள் முழுச் செலவையும், பிறகு படிப்படியாகக் குறைந்து தொண்ணூறு சதவீதத்தையும் மத்திய அரசு தரும் என்றபோதும், அன்றைய டெக்சஸ் ஆளுநர் ரிக் பெரி மறுத்தார். இன்றுவரை டெக்சஸ் மறுத்துவருகிறது. சின்னப் பிள்ளைகள் இல்லாத, உடல் ஊனமில்லாத ஏழைக்கு இங்கே பொதுவாக மெடிக்கெய்டு கதவு திறக்காது.

அன்று தனிநபருக்கான வறுமைக் கோடு 11,490 டாலர். நானும் கணவரும் கணக்குப் பார்த்து அவருக்கு வாரம் ஐந்து மணி நேரம் கூட்டிக் கொடுத்தோம். கோட்டைத் தாண்டினார். பிரீமியம் மாதம் இருபது டாலர் அளவுக்கு இறங்கியது. இதை ஏமாற்று என்று சொல்ல யாராவது வருவார்கள் என்று தெரியும். அந்த ஐந்து மணி நேரமும் அவர் நின்று வேலை செய்தார், காசோலையில் சம்பளம் வாங்கினார், வரி பிடிக்கப்பட்டது. “முதலாளியான நீங்களே காப்பீடு கொடுத்திருக்கலாமே” என்பவர்களுக்கு: ஐம்பது முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்குத்தான் சட்டத்தில் கட்டாயம். எங்கள் கடையில் ஒரு கை விரல்களே போதும், நாங்களே வெளியில் வாங்கித்தான் சமாளித்தோம். காப்பீட்டுக்காகக் கூடுதல் நேரம் உழைத்த அந்த அம்மாளைப் பார்த்து உழைக்காதவர் என்று உங்கள் சித்தப்பா சொல்வாரா?

இப்படிப் பேசும் நம்மவர்கள் சொல்வார்கள். கணவர் வேலையை விட்டபோது புதுமனை புகுவிழா ஒன்றில், “இவ்வளவு படித்துவிட்டுப் பருப்பு அளக்கப் போகிறாயா?” என்று பந்தியில் வைத்துக் கேட்டவர்கள் அல்லவா! அவர்களே வாரக்கடைசியில் வந்து கறிவேப்பிலை விலைக்குச் சண்டை போடுகிறார்கள். கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கேள்விக்கே வருகிறேன். காப்பீடு இல்லாதவர்கள் 2010இல் நூற்றுக்குப் பதினாறு பேர், 2016இல் ஒன்பது பேர். 2017இல் சட்டத்தை நீக்கும் முயற்சி செனட்டில் ஜான் மெக்கெய்ன் உட்படக் குடியரசுக் கட்சியினர் மூவரின் வாக்கால் தோற்றது. 2021இல் மானியம் கூட்டப்பட்டு அந்த நான்கு மடங்கு வரம்பும் எடுக்கப்பட்டது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் போன்றவர்களுக்கு முதன்முதலாக நிம்மதி தந்தது அதுதான். 2025 இறுதியோடு அது காலாவதியாகிவிட்டது. அதை நீட்டிப்பதா என்ற சண்டையில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல், அரசாங்கமே 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 43 நாள் முடங்கிக் கிடந்தது. நீட்டிப்பு இல்லாமலே திறந்தார்கள். எங்கள் பிரீமியமும் 2026 ஜனவரியில் ஏறிவிட்டது.

சித்தப்பாவிடம் இதைக் கேளுங்கள். நிறுவனம் அவருக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு அவர் வருமான வரி கட்டுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்குத் தடை இருந்தபோது நிறுவனங்கள் காப்பீட்டைக் கொடுத்து ஆட்களைப் பிடித்தன. அந்த வரிவிலக்கு அன்று வேர்விட்டு இன்றுவரை தொடர்கிறது. அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் பணம்தான். சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி ஆண்டுதோறும் நிறுவனம் கொடுக்கும் டபிள்யூ-2 படிவத்தில் 12ஆம் பெட்டியில் ‘டிடி’ என்ற குறியீட்டுக்கு எதிரே, அவருடைய காப்பீட்டுக்கு அந்த ஆண்டு ஆன மொத்தச் செலவு இருக்கும். அந்தத் தொகையை அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.