மணல்மேட்டில் பலகைச் சறுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் போகிறோம். அதற்கு வடக்கே உள்ள லான்சலின் ஊரின் மணல்மேட்டில் பலகையில் நின்று சறுக்கியே தீரவேண்டும் என்று 14 வயது மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்களில் யாருக்கும் எந்தப் பலகையும் பழக்கமில்லை. வேகம் பிடித்து விழுந்து கைகால் உடையுமோ என்று பயமாக இருக்கிறது. – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: வேகத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். முதல் நாள் உங்களைப் படுத்தப்போவது நகராத பலகைதான். பனியில் பலகை வழுக்கிக்கொண்டு போகும். மணலிலோ ஒவ்வொரு மணியும் அடிப்பக்கத்தை உரசிப் பிடித்து நிறுத்தும். அதனால் மணல் பலகையின் அடி ஃபார்மைக்காபோலக் கடினமாக, வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேல் மெழுகும் தேய்க்க வேண்டும். தெரிந்தவரிடம் பனிச்சறுக்குப் பலகை இரவல் வாங்கிப் போகாதீர்கள். அதன் அடி மென்மையான பிளாஸ்டிக், மணல் அதை அரைத்துவிடும்.

பலகையை வாடகைக்கு எடுக்கும்போதே மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண மெழுகுவர்த்தியே போதும். முதலில் அடியில் ஒட்டிய மணலை உலர்ந்த துணியால் துடையுங்கள். மணலோடு மெழுகு தேய்த்தால் அது உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு முனையிலிருந்து வால்வரை, கால் படும் இடத்துக்கு நேர் கீழே கூடுதலாக, மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். மூன்றாம் நடைக்கு அலுப்பு வந்து விட்டுவிடுவார்கள். பாதி வழியில் பலகை நிற்கும், உடம்பு நிற்காது. முகம் மணலில் பதிவது பெரும்பாலும் அப்படித்தான்.

எந்தக் கால் முன்னால்? மகன் எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து லேசாகத் தள்ளுங்கள். தடுமாறி எடுத்து வைக்கும் கால்தான் முன்கால். முழங்கால் மடங்கியிருக்க, எடையைச் சற்றே பின்காலில் வைக்கச் சொல்லுங்கள். பனியில் பழகியவர்கள் முன்காலை அழுத்தித்தான் மணலில் மாட்டிக்கொள்வார்கள்: முனை புதைந்ததும் ஆள் குட்டிக்கரணம். உச்சியிலிருந்து தொடங்க வேண்டாம். உலர்ந்த மணல் 30 டிகிரிக்கு மேலும் சரிந்து நிற்கும்; மேலிருந்து பார்த்தால் சுவர்போலத் தெரியும். அடிவாரத்திலிருந்து பத்து மீட்டர் ஏறி, நேராக இறங்கட்டும். கீழே தரை சமமானதும் பலகை தானே நிற்கும். திரும்புவதை நாலைந்து நடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விழுவது உறுதி. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும். கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து. விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிசம்பர் நல்ல தேர்வு. ஜூன் விடுமுறை என்றால் அங்கே மழைக்காலம். ஈர மணலில் எவ்வளவு மெழுகு தேய்த்தாலும் பலகை ஓடாது. ஆனால் கோடையில் பெர்த் பக்கம் சில நாள் வெயில் 40 டிகிரியைத் தொடும், நண்பகல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. பிற்பகலில் கடல்காற்று வலுத்து மணலை முகத்தில் வீசும் (காற்றுப்பாய் சறுக்குக்காரர்கள் லான்சலினைத் தேடி வருவதே அந்தக் காற்றுக்காகத்தான்). காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். முழுக்கை, முழுக்கால் உடை, கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். கைப்பேசியை ஜிப் பையில் போட்டு மூடுங்கள். இன்னொன்று: அங்குள்ள மணல்மேடுகளில் ஜீப்பும் மோட்டார்சைக்கிளும் ஓடும். மேட்டுக்கு மறுபக்கம் இருப்பது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. உச்சியில் ஒருவர் நின்று பார்த்துச் சைகை காட்டிய பிறகே இறங்கட்டும்.

கேள்வி: போகும் முன் லாங்போர்டு (சக்கரம் வைத்த நீளப் பலகை) வாங்கி ஃபேபர் மலைச் சாலையில் இறங்கிப் பழகலாமா? – பொங்கோல் வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மணல் உங்களைப் பிடித்து நிறுத்தும். தார்ச்சாலையில் சக்கரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், வளைவில் எதிரே கார் வரும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் சறுக்குப் பலகைக்கென்றே திடல் இருக்கிறது. அதன் சமதளத்தில் நின்று எடையை முன்னும் பின்னும் மாற்றிப் பழகினால் போதும். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் ஏறாதீர்கள். உண்மையில் தேவைப்படுவது கெண்டைக்கால் பலம். மணல்மேட்டில் மேலே தூக்கிவிட இயந்திரம் கிடையாது. பலகையைச் சுமந்து ஏற வேண்டும், ஒவ்வொரு அடியும் பாதி கீழே சரியும். வாரம் மூன்று நாள் மின்தூக்கியை விட்டுவிட்டு உங்கள் புளோக்கின் 12 மாடியைப் படியில் ஏறுங்கள்.

கேள்வி: வயது 58, முழங்கால் வலி உண்டு. வேடிக்கை மட்டும்தான் பார்க்க வேண்டுமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: உட்கார்ந்து சறுக்கலாம். பலகையின் பின்பாதியில் அமர்ந்து, கால்களைப் பலகைமேல் வைத்து, கைகளைப் பின்னால் மணலில் இழுத்தால் அதுவே பிரேக். வலக்கையை அழுத்தினால் பலகை வலப்பக்கம் திரும்பும். குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டிப் போகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முழங்காலுக்குச் சோதனை ஏற்றத்தில்தான். சறுக்கும் சரிவில் ஏறாமல், காற்று அடித்து இறுகிய எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏறுங்கள். அங்கே கால் அவ்வளவாகப் புதையாது.