பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போகாதே

கேள்வி: எனக்கு வயது 28. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லீகல் எய்டு டிபென்ஸ் கவுன்சில் அலுவலகத்தில் உதவி வழக்கறிஞராக இருக்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிகளுக்காக ஆஜராகும் வேலை. திருவட்டாறு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு. "கள்ளப்பயலுவளுக்கு வக்காலத்து வாங்கவா ஒன்ன படிக்க வச்சேன்?" என்று கேட்ட அப்பா, ஆறு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது நான் பார்ப்பது ஒரு ரப்பர் ஷீட் திருட்டு வழக்கு. அது தெரிந்த பிறகு வீட்டில் இன்னும் மோசம். பையனுக்கு 21 வயது. ஜாமீன் உத்தரவாகி இரண்டரை மாதம் ஆகியும், இரண்டு ஜாமீன்தார் கிடைக்காமல் உள்ளேயே இருக்கிறான். அவன் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் வராந்தாவில் வந்து நிற்பார். எனக்குச் சங்கடமாக இருப்பதால் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கிப் போய்விடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "சிவில் கேஸ் மட்டும் பார்க்கட்டும்" என்கிறார்கள். மாமா தன் ஆபீஸில் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் பார்க்கக் கூப்பிடுகிறார். இந்த வேலையை விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: மகளே, உன் கடிதத்தில் அப்பா வருகிறார், மாமா வருகிறார், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எல்லாரையும் தாண்டி நான் வந்து நின்ற இடம் அந்தப் பக்கவாட்டுப் படி. ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் போவதாக இல்லை.

வீட்டில் முகம் சுளிக்கிற வேலை பார்க்கும் பெண்களிடமிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. "உன் தொழில் உயர்ந்தது, கலங்காதே" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். தொழில் உயர்ந்ததுதான். நீ அதைச் செய்கிறாயா என்பதுதான் என் கேள்வி.

அந்த அம்மா எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தடிக்காரன்கோணமோ பேச்சிப்பாறையோ, எங்கிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ரப்பர் பால்வெட்டுக்கோ, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டியாபீஸுக்கோ போகிறவளாக இருந்தால் அன்றைய கூலி போச்சு. பையனை வீடியோவில் ஆஜர்படுத்துகிற நாளில் மகன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்புவாள். அவளுக்கு மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீயோ வேறு வழியாக இறங்கிப் போகிறாய்.

என் சித்தி அண்டியாபீஸில்தான் வேலை பார்த்தாள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அவள் மகனை ஓர் அடிதடி வழக்கில் பிடித்துக்கொண்டு போனபோது நானும் அவளோடு கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, "பாப்போம், பாப்போம்" என்றபடி நடந்தார். சித்தி அவர் பின்னால் ஓடவில்லை. அவர் திரும்பி வருகிற வழியில், விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றாள். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த வக்கீலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சங்கடம் என்று எழுதுகிறாய். அவளிடம் சொல்ல உன் கையில் ஒன்றும் இல்லை, அதுதான் உன் சங்கடம். இரண்டரை மாதத்தில் எத்தனை தடவை சிறைக்குப் போய் அவனைப் பார்த்தாய்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாவட்டச் சிறையும் உன் ஆபீஸும் அதே நாகர்கோவிலில்தான் இருக்கின்றன.

ஜாமீன்தார் கிடைக்கவில்லை என்கிறாய். சொத்துக்குச் சாட்சியாகக் காட்டத் தீர்வை ரசீது வைத்திருக்கிற எவன் அந்தப் பையனுக்காகக் கையெழுத்துப் போட வருவான்? 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே உத்தரவு போட்டிருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவன் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாக எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதால் விடுதலை தாமதமாகிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆணைக்குழுவின் ஆள் யார்? நீதான். நிபந்தனையைத் தளர்த்தி, ஜாமீன்தார் இல்லாமல் அவன் கையெழுத்தை மட்டும் வாங்கிச் சொந்த ஜாமீனில் விடச் சொல்லி ஒரு மனு போட்டாயா? போட்டிருந்தால் எழுதியிருப்பாய்.

இந்த வேலையில் இருப்பவர்கள் தனியாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோதே அப்படித்தான் வைத்தார்கள். காசு கொடுக்கும் கட்சிக்காரன் உன் நேரத்தைத் தின்னக் கூடாது, காசில்லாதவனுக்கும் முழு வக்கீல் கிடைக்க வேண்டும் என்பதற்காக. 1979-ல் உச்ச நீதிமன்றத்தில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தபோது பீகார் சிறைகளில் எத்தனையோ பேர், குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணைக் கைதிகளாகவே கிடந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஆளில்லை. உன் பையனுக்கு ஆள் இருக்கிறது, மாதாமாதம் சம்பளமும் வாங்குகிறது. இரண்டரை மாதம் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருப்பதற்கு எங்கள் வீட்டில் களவு என்றுதான் பெயர். அந்தப் பையன் ஷீட்டைத் திருடினானா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். உன் கணக்கை நீயே பார்.

கோபம் வருகிறதா? வரட்டும்.

உன் அப்பாவுக்கு வருகிறேன். அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதே. விடியுமுன் வெட்டி, பாலெடுத்து, டிரேயில் உறைய வைத்து, மிஷினில் அடித்து, காய வைத்து அடுக்கின ஷீட்டு ஒரே ராத்திரியில் போனால் எப்படி வயிறு எரியும் என்று ரப்பர் வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். அந்த எரிச்சலை மதி. அவரிடம் அரசியல் சட்டம் பேசாதே. அந்தப் பையனைப் பற்றிச் சொல்: வயது 21, கோர்ட்டே விடச் சொல்லியும் கையெழுத்துப் போட ஆளில்லாததால் உள்ளே இருக்கிறான், அம்மா வராந்தாவில் நிற்கிறாள். அவர் பதில் பேசாவிட்டாலும் சாப்பாடு போடும்போது சொல். பெற்றவர் முகம் திருப்பிக்கொண்டார் என்று பிள்ளையும் திருப்பிக்கொள்ளக் கூடாது. ஆறு மாதமாக அவர் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பேசினாயா?

பெண் பார்க்க வந்தவர்களுக்கு "இல்லை" என்று சொல்லி அனுப்பு. தாலி ஏறும் முன்பே எந்தக் கேஸ் பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள், பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போகலாம், பெற்றவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றும் சொல்வார்கள்.

மாமா ஆபீஸுக்குப் போகலாமா என்றால், போகலாம். விபத்து நஷ்டஈடும் கௌரவமான வேலைதான், கால் போனவனுக்கும் வக்கீல் வேண்டும். ஆனால் இந்தப் பையனை உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது. போனால் அங்கேயும் ஒரு பக்கவாட்டுப் படி இருக்கும். மனுவைப் போடு. உங்கள் சீஃப் டிபென்ஸ் கவுன்சிலிடம் போய், தாமதம் என்னுடையது என்று உள்ளதைச் சொல். அவன் வெளியே வந்த பிறகு விடுவதா இருப்பதா என்று எனக்கு எழுது, அப்போது பேசலாம்.

அதற்கு முன்னால், இந்த வாரமே சிறைக்குப் போ. வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன் சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள். அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்றும் கேள். அடுத்த வாய்தாவன்று முன்வாசல் வழியாகப் போய், வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டு.