கப்ளரை வெட்டாதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தில் வந்து நிற்கின்றன: காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டுவது. மாட்டப் போகிறவர்கள் பாதி, மாட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் மீதி. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தத் தடவை முழுக்க இதையே பேசிவிடுவோம்.

கே: என் கார் பத்து வருடப் பழசு. அதில் சிடியும் எஃப்எம்மும் மட்டும்தான். போனை இணைக்கிற மாதிரி டச் ஸ்கிரீன் போட ஆசை. எந்த அளவு வாங்குவது? நானே மாட்ட முடியுமா சார்?

ப: முதலில் ஸ்கேலை எடுங்கள். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 என்றால் சிங்கிள் டின். அதே அகலத்துக்கு உயரம் 100 என்றால் டபுள் டின். ஜெர்மன்காரர்கள் வகுத்த அளவு, அவர்களுடைய தர அமைப்பின் பெயரே அளவுக்கும் பெயராக நின்றுவிட்டது. சில ஜப்பானியக் கார்களில் ஓட்டை 200 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், அங்கே இரண்டு பக்கமும் பட்டை வைத்து அடைக்க வேண்டும். ஸ்டீரியோவின் முகம் டேஷ்போர்டோடு வளைந்து ஒட்டியிருந்தாலும் பயம் வேண்டாம், பெரும்பாலான மாடல்களுக்குப் பொருத்தமான ஃபிரேம் தனியாகக் கிடைக்கிறது. அகலம், உயரம் மட்டும் பார்த்துவிட்டு ஆழத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் கம்பிகள் மடங்கி உட்காரவும் இடம் வேண்டும்.

ஒரே இடத்தில்தான் 'வேண்டாம்' என்பேன். ஏசி அளவு, கதவுப் பூட்டு செட்டிங் எல்லாமே அந்தத் திரைக்குள்ளேயே இருக்கிற கார் என்றால் அதைக் கழற்றாதீர்கள். சில விலை உயர்ந்த ஜெர்மன் கார்களில் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், போன் எல்லாம் ஒரே ஃபைபர் வளையத்தில் கோர்க்கப்பட்டிருக்கும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றவையும் ஊமையாகிவிடும். உங்களுடையது பத்து வருடப் பழசு, சிடி போடுகிற ரகம் என்பதால் அநேகமாக இந்தத் தொல்லை இருக்காது. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், கம்பி நிறத்தைப் பொறுமையாகப் பார்க்க முடியும் என்றால் தாராளமாக நீங்களே செய்யலாம். முதல் தடவைக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கே: டேஷ்போர்டு உடையாமல் பழைய செட்டை வெளியே எடுப்பது எப்படி? இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை.

ப: இழுத்ததே தப்பு. அசையாததும் நல்லதற்குத்தான்.

முதல் வேலை காருக்குள் இல்லை, கையேட்டில். உங்கள் ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டா என்று பாருங்கள். பல கம்பெனி செட்டுகள் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும், தெரியாவிட்டால் அதை மறுபடி மாட்டினாலும் பாடாது. ரகசிய எண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை அல்ல. நெகட்டிவ் இணைப்பில் இருக்கும்போது பாசிட்டிவ் முனையில் வைத்த ஸ்பேனர் தவறிப்போய் பாடியில் பட்டால் பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. கழற்றியபின் சில நிமிடங்கள் சும்மா இருங்கள். ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். உள்ளே மஞ்சள் நிறக் கப்ளர் (கம்பிகளைச் சேர்க்கும் பிளக்) எதையாவது பார்த்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் செட்டைப் பாருங்கள். முகப்பின் இரு ஓரங்களிலும் சின்னத் துளைகள் தெரிந்தால் அதற்கென்று வளைந்த கம்பிச் சாவி உண்டு. இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை உள்ளே தள்ளி, வெளிப்பக்கமாக லேசாக விரித்தபடி இழுத்தால் டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். துளை இல்லை என்றால், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பேனல் கிளிப்பில் நிற்கிறது, அதை எடுத்தால் பின்னால் நாலு ஸ்குரூ இருக்கும். பேனலை நெம்ப இரும்பு ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பிதான். பக்கத்துப் பரப்பில் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து கிளிப் கிளிப்பாக நகருங்கள். முதல் கிளிப் விடும்போது கேட்கும் 'டக்' சத்தத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிடும், அது இயல்பான சத்தம்தான். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும், காரைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஆரம்பித்தால் பேனல் சொன்னபடி கேட்கும். பேனல் வந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், அதில் ஹசார்டு சுவிட்சின் கம்பி தொங்கிக்கொண்டிருக்கலாம். எந்தக் கப்ளரையும் பிடுங்குவதற்கு முன் போனில் ஒரு படம்.

கே: கடையில் கம்பெனிக் கப்ளரை வெட்டிவிட்டு நேரடியாகக் கம்பி சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார்கள். செய்யலாமா?

ப: கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் படிக்கிறவர்கள் இந்த ஒரு வார்த்தையைப் படித்தால் போதும்.

என் முதல் காரில் நானே இந்தக் காரியத்தைச் செய்தேன். இளமைத் துடிப்பு, கையில் கட்டிங் பிளையர், கேட்க ஆள் இல்லை. பதினான்கு கம்பிகளையும் ஒரே கடியில் வெட்டினேன். அந்த நிமிடம்தான் தெரிந்தது, காரின் கம்பி நிறத்துக்கும் புது செட்டின் கம்பி நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கிறது. ராத்திரி டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு டெஸ்டர் பல்பால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்து இரண்டு பியூஸ் போன பிறகு பாட்டு வந்தது, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

உங்கள் மாடலுக்கு ஒத்துப்போகிற இடைக் கப்ளர் கடையில் கிடைக்கிறது. ஒரு முனை காரின் கப்ளரில் அப்படியே சொருகும், மறுமுனையில் இருக்கும் கம்பிகளைப் புது செட்டோடு வந்த கம்பிகளுடன் மேசை மேல் வைத்து நிதானமாக இணைக்கலாம். புது செட்டுகளில் நிறங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: மஞ்சள் எப்போதும் கரண்ட் வருவது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் அது மைனஸ். இணைப்பை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும். கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி இணைப்பது), அல்லது பற்றவைத்துச் சுருங்கும் டியூப் போடுங்கள். ஸ்பீக்கர் மைனஸ் கம்பியை எர்த்தோடு சேர்க்கவே கூடாது, இந்த செட்டுகளில் அந்தக் கம்பியிலும் வோல்டேஜ் ஓடும், உள்ளே ஐசி போய்விடும்.

கே: புது செட் போட்டதிலிருந்து ஒவ்வொரு முறை காரை அணைக்கும்போதும் நேரமும், சேமித்த ஸ்டேஷன்களும் அழிந்துவிடுகின்றன. செட் பழுதா?

ப: பழுதில்லை. மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் பலவற்றில் இது அடிக்கடி நடக்கும். இரண்டையும் மாற்றிச் சேருங்கள்.

கே: பழைய செட்டில் துல்லியமாகக் கேட்ட எஃப்எம் இப்போது கரகரவென்கிறது. விலை கூடின செட் வாங்கியும் இப்படியா?

ப: செட்டைத் திட்டாதீர்கள், ஆன்டெனா பசியோடு இருக்கிறது. கூரையின் பின்பக்கத்தில் குட்டையாகவோ கண்ணாடிக்குள் கோடாகவோ இருக்கும் ஆன்டெனாக்களுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் உண்டு, அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். பழைய செட் அதை ஆன்டெனாக் கம்பி வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்திருக்கும், புதியது அனுப்பாது. கரண்ட் செலுத்தும் வசதியுள்ள ஆன்டெனா அடாப்டர் ஒன்றை இடையில் மாட்டி, அதில் தொங்கும் கம்பியைச் செட்டின் நீலக் கம்பியில் சேருங்கள். கரகரப்பு போய்விடும். ஆன்டெனா பிளக்கும் பொருந்தாமல் இருக்கலாம். பழைய தடித்த ஊசி பிளக்கை இன்னும் மோட்டோரோலா பிளக் என்றுதான் சொல்கிறார்கள். இன்று போனுக்குத் தெரிந்த அந்தப் பெயரே 1930இல் ஒரு கார் ரேடியோவுக்கு வைத்ததுதான்.

கே: ஸ்டீரியோ மாற்றிய பிறகு காரை மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன். பேட்டரி புதுசு.

ப: உங்கள் காரில் மாட்டியவர் சாவி திருப்பினால் கரண்ட் வரும் கம்பியைத் தேடியிருப்பார், கிடைத்திருக்காது, சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார் என்று சந்தேகிக்கிறேன். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டீரியோவுக்கு அப்படியொரு கம்பியே வருவதில்லை, 'விழித்துக்கொள்' என்ற கட்டளை கேன் பஸ் எனப்படும் தகவல் கம்பி வழியாக வரும். அதைப் புரிந்துகொண்டு 12 வோல்ட் கொடுக்கும் டிகோடர் பெட்டி ஒன்று வேண்டும். அது இல்லாமல் இரண்டையும் சேர்த்தால் செட் தூங்கவே தூங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 ஆம்பியர் மணி பேட்டரி, செட் அரை ஆம்பியர் உறிஞ்சினால் 90 மணி நேரத்தில் சுத்தமாகக் காலி. ஸ்டார்ட் ஆகாமல் போக அவ்வளவுகூட வேண்டாம், பாதிக்கு மேல் இறங்கினாலே ஸ்டார்ட்டர் முனக ஆரம்பித்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க, நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் போய்விடும்.

கே: பெட்டியில் '50 வாட் × 4' என்று போட்டிருக்கிறது. ஆனால் பழைய செட்டைவிட பேஸ் குறைவாக இருக்கிறதே?

ப: இரண்டு விஷயம். அந்த 50 பெட்டிக்கு மேல் ஒட்டிய எண். 14.4 வோல்ட்டில் ஓடும் ஒரு செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது, கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பழையதும் அப்படித்தான். ஆகவே பேஸ் காணாமல் போனதற்கு வாட் காரணமில்லை, ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, காற்று அங்கேயே சமாதானமாகிவிடுகிறது, பேஸ் உங்கள் காதுவரை வருவதில்லை. செட்டில் பேலன்ஸை ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் திரும்பினால் குற்றவாளி கிடைத்தாயிற்று. செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் கம்பியில் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். 'டப்' என்று கோன் வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட கம்பிதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

கே: ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன்கள் செத்துவிட்டன. ஓடும்போது வீடியோ தெரிய ஒரு கம்பியை எர்த் செய்தால் போதும் என்றும் நண்பர் சொல்கிறார்.

ப: பட்டனுக்கு வழி உண்டு. பல கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸ், இரண்டே கம்பிகள்தான். செட்டில் 'கீ 1', 'கீ 2' என்ற கம்பிகள் இருந்தால் அவற்றில் சேர்த்து, செட்டிங்கில் போய் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். கேன் பஸ் கார் என்றால் மேலே சொன்ன டிகோடரே இதையும் பார்த்துக்கொள்ளும். நண்பர் சொல்வது, வண்டி நிற்கிறது என்று செட்டுக்குச் சொல்லும் ஹேண்ட் பிரேக் கம்பி. அது ஹேண்ட் பிரேக் சுவிட்சுக்குத்தான் போக வேண்டும். உங்கள் நண்பர் ஓட்டும்போது நீங்கள் பின்சீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

கே: கழற்றிய பழைய செட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ப: வேண்டாம். காரை விற்கும்போது புது செட்டை நீங்களே வைத்துக்கொண்டு பழையதை அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டலாம், கப்ளர் முழுசாக இருந்தால். நாலு ஸ்குரூ, பிராக்கெட், கம்பிச் சாவி எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு அதோடு கட்டி வையுங்கள். ரகசிய எண்ணை எழுதிய சீட்டும் கூடவே. அதை மட்டும் காருக்குள் வைக்காதீர்கள், திருடனுக்கு அந்த உதவி எதற்கு?