டெக்கில் லத்தீன் எழுத்துருவைப் பொருத்துதல்: கேள்வி பதில்

டெக், லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள்களில் தாங்களே ஒரு லத்தீன் எழுத்துருவைப் பொருத்திப் பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் டைப் 1 (அடோபியின் பழைய எழுத்துரு வடிவம்) எழுத்துருவை, நேராக பிடிஎஃப் எழுதும் டெக்கான பிடிஎஃப்டெக்கில் பயன்படுத்துவது பற்றியவை.

கேள்வி: ஏஎஃப்எம், டிஎஃப்எம், பிஎஃப்பி என்று மூன்று கோப்புகள் இருக்கின்றன. எது எதற்கு என்றே பிடிபடவில்லை, சார்.

வரிகளை அமைக்கும்போது டெக் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெட்டிதான்: அகலம், உயரம், ஆழம், இட்டாலிக் திருத்தம் (சாய்ந்த எழுத்துக்குப் பின் சேர்க்கும் சிறு இடைவெளி). இந்த எண்களும் கெர்னிங் (எழுத்து ஜோடிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது), லிகேச்சர் (சில எழுத்துகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்குவது) விவரங்களும் டிஎஃப்எம்மில் இருக்கும். உருவம் இருப்பது பிஎஃப்பியில். பிடிஎஃப் எழுதும் கட்டத்தில்தான் அது உள்ளே வரும். ஏஎஃப்எம் என்பது அடோபி முறையில் எழுதிய அளவுப் பட்டியல், சாதாரண எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம்.

ஒருமுறை படித்துப் பாருங்கள். அடோபியின் டைம்ஸ் ரோமன் ஏஎஃப்எம்மில் சின்ன எஃப்புக்கு அகலம் 333. அதே வரியில் எல்லைப் பெட்டி (உருவத்தின் இடது, கீழ், வலது, மேல் ஓரங்கள்) 20, 0, 383, 683 என்று இருக்கும். ஓர் எம்முக்கு (எழுத்துருவின் அளவுக்குச் சமமான நீளம்) 1000 அலகு. அதாவது டெக்கின் பெட்டி 333இல் முடிந்துவிடுகிறது, ஆனால் எஃப்பின் வளைவு 383 வரை போகிறது. 10 புள்ளி (பாயிண்ட்) அளவில் அரைப் புள்ளி வெளியே நீண்டு நிற்கிறது. அடுத்து ஐ வந்தால் அதன் தலைமேல் உள்ள பொட்டில் போய் முட்டும். அதனால்தான் அதே வரியின் கடைசியில், ஐ வந்தால் எஃப்ஐ போடு, எல் வந்தால் எஃப்எல் போடு என்று லிகேச்சர் குறிப்பும் இருக்கிறது.

எந்தப் பிழை வந்தாலும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இடம் தப்பா, உருவம் தப்பா? இடைவெளி, வரி உடைதல் கோணினால் டிஎஃப்எம்மைத் தேடுங்கள். இடம் சரியாக இருந்து வேறு எழுத்து வந்து உட்கார்ந்திருந்தால் என்கோடிங் கோப்பையும் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) மேப் கோப்பையும் (எந்த டிஎஃப்எம்முக்கு எந்த பிஎஃப்பி என்ற பட்டியல்) பாருங்கள். பாதி நேரம் இதிலேயே மிச்சமாகும்.

கேள்வி: சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது ஏஎஃப்எம்மில் இருக்கிறதே. அப்புறம் ஏன் என் பத்திகள் எல்லாம் ஓரத்தைத் தாண்டுகின்றன?

ஏஎஃப்எம்மில் இருப்பது இடைவெளியின் அகலம் மட்டும்தான். டைம்ஸுக்கு அது 250. அது எவ்வளவு விரியலாம், எவ்வளவு சுருங்கலாம் என்பது அதில் கிடையாது. டெக்குக்கு மூன்றும் வேண்டும். எழுத்துருவின் அளவுருக்களில் 2, 3, 4 இவைதான். சுருக்கத்தைப் பூஜ்யமாக விட்டால் வரி ஓரத்தைத் தாண்டத்தான் செய்யும்.

டெக்கோடு வரும் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் 10 புள்ளி அளவில் இடைவெளி 3.33, விரிவு 1.67, சுருக்கம் 1.11 புள்ளி. ஃபான்ட்இன்ஸ்ட் என்ற கருவி வழியாகச் செய்த டைம்ஸில் 2.5, 1.5, 0.6. டைம்ஸ் நெருக்கமான எழுத்துரு, ஏற்கெனவே இடைவெளி குறைவு, மேலும் நெருக்கினால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பொருத்துவது அகலமான எழுத்துரு என்றால் இந்த விகிதத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு பக்கம் அச்செடுத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பிஎல்டுடிஎஃப் (அளவுப் பட்டியலை டிஎஃப்எம் ஆக்கும் நிரல்) ஓட்டினால் சில உயரங்களைத் தோராயமாக்க வேண்டியதாயிற்று என்கிறது. பயப்பட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். டிஎஃப்எம்மில் அகலங்களுக்கு 256 இடம் உண்டு. உயரத்துக்கு 16தான், அதிலும் ஒன்று பூஜ்யம். மீதி 15க்குள் அடக்க, பக்கத்துப் பக்கத்து உயரங்களை அது ஒன்றாக்குகிறது. அகலத்தில் கை வைப்பதில்லை, எனவே வரி மாறாது.

அதை நிரலிடமே விடாமல் நீங்களே செய்வது நல்லது. டைம்ஸில் எக்ஸின் உயரம் 450, ஓவின் உயரம் 460. வட்ட எழுத்து கண்ணுக்குச் சிறியதாகத் தெரியாமலிருக்க அப்படி வரைகிறார்கள். ஆனால் அளவுப் பட்டியலில் இரண்டுக்கும் 450 என்றே கொடுக்கலாம். கம்ப்யூட்டர் மாடர்னிலும் இரண்டுக்கும் ஒரே உயரம்தான். இன்னொரு லாபமும் உண்டு. டெக் அக்சென்ட் குறியை வைக்கும்போது, எழுத்தின் உயரம் எக்ஸ்-உயரத்தைவிட எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தூக்கும். இப்படிச் சமப்படுத்தினால் ஓவின் மேல் மட்டும் குறி துள்ளி நிற்காது.

கேள்வி: பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களில் அக்சென்ட் குறி வந்துவிட்டால் வரிக் கடைசியில் சொல் உடைவதில்லை. அளவுகளில் கோளாறா?

இல்லை, என்கோடிங். பழைய என்கோடிங்கான ஓடி1இல் 128 இடம்தான், குறியிட்ட எழுத்துகள் தனியாகக் கிடையாது. டெக் எழுத்தையும் குறியையும் ஒட்டிக் காட்டுகிறது, அந்த இடத்தோடு சொல்லை உடைக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. 1990இல் அயர்லாந்தின் கார்க் நகரில் முடிவான டி1இல் 256 இடம். குறியிட்ட எழுத்து ஒரே எழுத்தாகவே இருக்கும். புதிதாகப் பொருத்துகிறீர்கள் என்றால் டி1 மட்டும் செய்யுங்கள், ஓடி1 பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: டி1இல் எஃப்எஃப்ஐ-க்கு இடம் இருக்கிறது. என் எழுத்துருவில் அந்தக் கிளிஃப் (எழுத்து வடிவம்) இல்லையே?

விர்ச்சுவல் ஃபான்ட்டில் (வேறு எழுத்துருக்களின் எழுத்துகளை எடுத்து அடுக்கிக் காட்டும் எழுத்துரு) எஃப்பையும் எஃப்ஐயையும் அடுத்தடுத்து வைத்து அந்த இடத்தை நிரப்பலாம். பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் பெரிய எழுத்தைச் சுருக்கி ஸ்மால் கேப்ஸ் (ஏறக்குறைய சின்ன எழுத்தின் உயரத்தில் வரும் பெரிய எழுத்து) செய்யாதீர்கள். கோடுகளும் சேர்ந்து மெலிந்து, நடுவில் அந்தச் சொல் மட்டும் வெளிறித் தெரியும்.

கேள்வி: டிஎஃப்எம் சரியாகக் கிடைக்கிறது. கடைசியில் மட்டும் 600இல் எழுத்துரு இல்லை என்று நின்றுவிடுகிறது.

மேப் கோப்பில் உங்கள் எழுத்துருவின் வரி இல்லை. அதனால் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் பிட்மேப் (புள்ளிகளாலான உருவம்) உருவாக்க முயன்று தோற்கிறது. அந்த வரியில் டிஎஃப்எம்மின் பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், என்கோடிங் கோப்பு, பிஎஃப்பி நான்கும் வேண்டும். என்கோடிங்கை விட்டுவிட்டால் பிழைச் செய்தி வராமலே எழுத்து மாறிப்போகலாம். எழுதியபின், மேப் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்மேப்பை சிஸ்டம் முறையில் ஓட்டுங்கள். யூசர் முறையில் ஓட்டினால், பின்னால் சிஸ்டத்தில் சேரும் எழுத்துருக்கள் உங்கள் கணக்கில் தெரியாமல் போகும்.

கேள்வி: டைம்ஸோடு ஹெல்வெட்டிகா போட்டால் அது மட்டும் பெரிதாகத் தெரிகிறது. எவ்வளவு குறைக்க?

எக்ஸ்-உயரம் ஹெல்வெட்டிகாவில் 523, டைம்ஸில் 450. அதைச் சமமாக்க 0.86. பெரிய எழுத்து உயரம் 718, 662. அதைச் சமமாக்க 0.92. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. தலைப்பெழுத்துச் சுருக்கங்கள் நிறைய வரும் உரைக்கு 0.92தான் என் தேர்வு. பத்திக்குள் சின்ன எழுத்தாகவே வருமென்றால் 0.88 வரை இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவும் இன்று தேவையா, அண்ணா? புதிய எழுத்துரு வடிவமான ஓப்பன்டைப் இருக்கிறதே.

டெக்கின் புதிய வகைகளான ஜீடெக், லுவாடெக்கில் தேவையில்லை. அவை ஓப்பன்டைப் கோப்பை நேரடியாகப் படிக்கும். பிடிஎஃப்டெக்கில்தான் வேலை நடக்க வேண்டும் என்றால் ஓடிஎஃப்டுடிஎஃப்எம் என்ற கருவியை எடுங்கள். என்கோடிங்கைச் சொன்னால் டிஎஃப்எம், தேவைப்பட்டால் விர்ச்சுவல் ஃபான்ட், மேப் வரி எல்லாம் அதுவே தரும். கிளிஃப்பைத் திருத்தவோ வேறு வடிவுக்கு மாற்றவோ போகிறீர்கள் என்றால், முதலில் எழுத்துருவின் உரிமத்தைத் திறந்து அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.