மூடாக்கை மாற்றும் முன் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள்

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டு முன்புறச் சரிவில் 100 சதுர அடிப் பாத்தி இருக்கிறது; ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மண்ணை மூடப் பரப்பிய மரச்சில்லு மூடாக்கு இப்போது கறுத்துப் பிசுபிசுக்கிறது. கிளறினால் வெள்ளை நூல்போலப் பூஞ்சை தெரிகிறது. ஓடில்லா நத்தைகள் வேறு. பழையதை முழுக்க அள்ளிவிட்டு, களைத்தடுப்பு விரிப்பு போட்டு, அதன்மேல் 50 லிட்டர் மூட்டை 20 போட வேண்டும் என்கிறார் நாற்றுப்பண்ணைக்காரர். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாமா?

பதில்: 20 மூட்டை எதற்கு? 100 சதுர அடியில் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்ப சுமார் 236 லிட்டர் போதும். அதாவது ஐந்து மூட்டை. பழையது ஓர் அங்குலமோ அதற்கு மேலோ மிச்சம் இருந்தால் அந்த ஐந்துக்கு மேல் வாங்காதீர்கள். மொத்த மூடாக்கு மூன்று அங்குலத்தைத் தாண்டினால், உங்கள் ஊர் மழையில் அடிப்பகுதி காற்றில்லாமல் அழுகும்.

மரச்சில்லு மக்கி மண்ணோடு சேரட்டும் என்றுதான் போடுகிறோம். வெள்ளை நூல் அந்த வேலையைச் செய்கிற பூஞ்சை. பெரும்பாலும் செத்த மரத்தோடு நின்றுவிடும், செடியைத் தொடாது. எனவே எதை அள்ளுவது என்பதை மூக்கிடம் விடுங்கள். நான்கைந்து இடங்களில் அடிவரை கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். காட்டு மண் வாசனை வந்தால் அப்படியே இருக்கட்டும். காடி போலவோ அழுகிய முட்டை போலவோ நாறினால் அது புளித்துப்போன சரக்கு. இளந்தண்டையும் கீழ் இலைகளையும் கருக்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் அள்ளி, மெல்லியதாகப் பரப்பிக் காற்றாட விடுங்கள். வாடை போனபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ரோஜாவின் கதை வேறு. இலையில் கரும்புள்ளி நோய் வந்திருந்தால், உதிர்ந்த இலைகளோடு மேல் மூடாக்கையும் வாரி அப்புறப்படுத்துங்கள். மழைத்துளி தெறிக்கும்போது நோய் அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது.

கெட்டியாகப் படிந்த இடங்களை வாரியால் கிளறிவிட்டு, ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் நான்கு விரல் இடம் விடுங்கள். மாலையில் ஓர் ஈரச் சாக்கை விரித்து வைத்தால், காலையில் நத்தைகள் அதன் அடியில் கூட்டமாகக் கிடக்கும், பொறுக்கிவிடலாம்.

மழைக்கு முன் முழுக்க அள்ளவே கூடாது. வெறும் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் மேல்மண் தெருவுக்குப் போய்விடும். இப்போது கிளறி ஒதுக்குவதோடு நிறுத்துங்கள். புதிய சரக்கை மழை ஓய்ந்தபின் போடுங்கள். அடுத்து வரும் வறண்ட மாதங்களில்தான் அது ஈரத்தைக் காத்துக் கொடுக்கும்.

விரிப்பு வேண்டாம். சரிவில் சில்லு அதன்மேல் வழுக்கும்; ஓரிரு ஆண்டில் மேலே படியும் மண்ணிலேயே களை முளைக்கும்.

கேள்வி: எதை வாங்குவது? தேங்காய் நார்த்தூள் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: மலிவுதான், ஆனால் நார்த்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் ஊருக்கு அது வரம். மழை ஊரில் மேற்பரப்புக்கு ஆகாது. மரப்பட்டை, பெரிய மரச்சில்லு, தேங்காய் மட்டைச் சில்லு ஆகியவை நீரை வடியவிடும். மட்டைச் சில்லு என்றால் கழுவியதா, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) குறைவானதா என்று கேட்டு வாங்குங்கள்; கழுவாததில் உப்பு இருக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் சருகு கேட்டுப் பெற முடிந்தால் நான் கடைக்கே போகமாட்டேன்.

வாங்குவதானால் லிட்டர் கணக்கில் வாங்குங்கள். எடைக்கு வாங்கினால், மழையில் நனைந்த மூட்டையில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு மூட்டையைப் பிரித்து முகருங்கள். வெளியில் அடுக்கி வைத்த நெகிழி மூட்டைக்குள்ளும் சரக்கு புளிக்கும். மூட்டையில் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவை அச்சிட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அளவு குறைந்தாலோ, கெட்ட சரக்கைத் திரும்பப் பெற மறுத்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கு ரசீது வேண்டும். மூட்டை எண்ணிக்கையோடு லிட்டர் அளவையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.