வளர்ந்த விதம் நம்மை எவ்வளவு தூரம் பிடித்து வைத்திருக்கிறது? – கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடங்களிலும் கிராமங்களிலும் உளவளத்துணை வேலை செய்கிறேன். சின்ன வயதில் பட்டது வளர்ந்த பிறகு எப்படி வெளியே வருகிறது என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடி, ஒரு அப்பா: அக்கா, நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். வீட்டிலும் வாங்கினோம், பள்ளிக்கூடத்திலும் வாங்கினோம். நல்லாத்தானே இருக்கிறோம்? இப்போது மகனுக்குக் கை ஓங்கினாலே மனைவி சண்டைக்கு வருகிறா.

மனைவி பக்கம்தான் நான், தம்பி. நீங்கள் நல்லா இருப்பதற்கு அடிதான் காரணம் என்று எப்படித் தெரியும்? அடித்த அதே அப்பா மற்ற நேரங்களில் உங்களை வயல் வட்டைக்குக் கூட்டிப்போய், வாடிக் குடிசையில் பக்கத்தில் இருத்திக் கதைத்திருப்பார், சோறு பிசைந்து தந்திருப்பார். உங்களை வளர்த்தது அதாக இருக்கலாம். அடி வாங்கும் பிள்ளை பிழையைத் திருத்துவதைவிட ஒளிப்பதைத்தான் வேகமாகப் பழகுகிறது. பள்ளிக்கூடங்களில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. வீட்டுக்குச் சுற்றறிக்கை இல்லை, அங்கே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். யோசிப்பதற்கு முன்னாலேயே கை போகிறதா என்று ஒரு கிழமை கவனியுங்கள். போகிறதென்றால் கொஞ்ச நேரம் முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்து, என்ன பிழை, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று மகனோடு கதையுங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு சகோதரி: எனக்கு ஆறு வயதில் உம்மா சவூதிக்குப் போனா. உம்மம்மாதான் வளர்த்தா. இப்போது கணவர் போன் எடுக்கப் பத்து நிமிடம் பிந்தினால் நெஞ்சு படபடக்கும், வந்ததும் சண்டை பிடிப்பேன், மறுகா நானே அழுவேன். நான் ஏன் இப்படி?

தங்கச்சி, இது உங்கள் குணக்கேடு இல்லை. பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆளோடு வைக்கும் பிணைப்பைப் பற்றி ஜோன் போல்பி என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர் நிறைய எழுதியிருக்கிறார். தேடும்போது அந்த ஆள் வருவாரா மாட்டாரா என்று அந்த வயதில் மனம் போட்டுக்கொள்ளும் கணக்கு, பிறகு வரும் உறவுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் ஆறு வயது மனம், போகிறவர் வர வருசக் கணக்காகும் என்று படித்து வைத்திருக்கிறது. கணவரின் பத்து நிமிடத்தையும் அது அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது.

ஆனால் உங்களுக்கு உம்மம்மா இருந்தா. அதைச் சின்ன விசயமாக எடுக்காதீங்க. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வந்தார்கள். தாத்தா, பாட்டி, மாமி, டீச்சர் என்று விலகாமல் நின்ற ஒரு ஆளாவது அவர்களுக்கு இருந்தார். அது மட்டுமில்லை, இளவயதில் தடம் மாறியவர்களிலும் நிறையப் பேர் முப்பது நாற்பது வயதுக்குள், நல்ல துணையாலும் தொழிலாலும் படிப்பாலும் இறைநம்பிக்கையாலும் திரும்பி வந்திருந்தார்கள்.

எங்கட பக்கம் தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் அம்மம்மாவும் பெரியம்மாவும் அடுத்த வளவிலேயே இருப்பார்கள். இந்த வழக்கத்தைப் பற்றி வேறு குறைகள் இருக்கலாம், ஆனால் தாய் தூரத்தில் இருந்த எத்தனையோ பிள்ளைகளை அதுதான் தாங்கிப் பிடித்தது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சண்டை இல்லாத ஒரு நேரம் பார்த்து, “நீங்க பிந்தினால் எனக்குச் சின்ன வயது பயம் வருது, ஒரு மெசேஜ் போட்டால் போதும்” என்று கணவரிடம் நேராகச் சொல்லுங்கள். உம்மா இருக்கிறா என்றால் அவவோடும் ஒருநாள் இருந்து கதையுங்கள், அந்த வருசங்களில் அவ பட்டதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கல்முனை: இணையத்தில் சின்ன வயதில் பட்ட கஷ்டங்களைப் பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட ஒரு பட்டியலில் எனக்கு 6 புள்ளி வந்தது. நான்கைத் தாண்டினால் ஆபத்து என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீங்க. அந்தக் கேள்விகள் அமெரிக்காவின் சான் டியாகோவில் பெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்களின் குழு செய்த ஆய்விலிருந்து வளர்ந்து வந்தவை. முதல் கட்டுரை 1998இல் வந்தது, மொத்தமாக 17,000க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். வன்முறை, கவனிப்பின்மை, வீட்டில் குடி போன்ற அனுபவங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் கணக்கு. தனி ஆளுக்கு இதை வைத்துக் குறி சொல்லக்கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதியிருக்கிறார். இன்னொன்று, அந்தப் பத்தில் யுத்தம் இல்லை, இடப்பெயர்வு இல்லை, இராணுவச் சுற்றிவளைப்பு இல்லை, எங்கட ஆட்கள் பட்டதில் பாதி இல்லை. உங்களோடு யார் நின்றார்கள் என்ற கேள்வியும் இல்லை. உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள், நித்திரையைக் கவனியுங்கள், அந்தப் புள்ளியை விடுங்கள்.

திருக்கோவில், ஒரு தம்பி: சுனாமி வந்தபோது எனக்கு இரண்டு வயது. ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் கடல் இரையும் இரவில் நித்திரை வராது. அக்கா ஒருவர் அதில் போய்விட்டா, வீட்டில் அவவைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

இரண்டு வயதில் நடந்ததைக் கதையாகச் சேர்த்து வைக்கும் பகுதி மூளையில் இன்னும் முதிர்ந்திருக்காது, ஆனால் பயத்தைப் பிடிக்கும் பகுதி அதற்கு முன்பே வேலை செய்யும். அதனால் ஞாபகமில்லாத பயம் உடம்பில் தங்கலாம். மற்றது, 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் இரைந்த ஒவ்வொரு முறையும் உங்கள் அம்மா உங்களை எப்படி இறுக்கிப் பிடித்திருப்பா என்று யோசியுங்கள். பிள்ளை அதையும் படிக்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் கனமாக இருப்பது அந்த மௌனம். கதைத்தால் அம்மா உடைந்துபோவா என்று நீங்கள் கதைப்பதில்லை, உங்களுக்காக அவவும் கதைப்பதில்லை. டிசம்பரில் விளக்கு வைக்கும் நாளில் அக்காவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், யாரோடு விளையாடுவா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்ல வராதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்த காலத்திலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து மண் பிசைந்தும் படம் கீறியும் கதை கட்டி நடித்தும் தங்கள் மனதில் கிடந்ததை வெளியே எடுத்தார்கள். நித்திரையில்லாமை தொடர்ந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது, மனநல உதவி எண் 1926க்கு அழைத்தும் கதைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏறாவூர்: மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. இது அவளை வாழ்நாள் முழுக்கப் பாதிக்குமா?

பரீட்சை பாதிக்காது. பெறுபேறு வந்த அன்று உங்கள் முகத்தில் அவள் என்ன பார்த்தாள் என்பது பாதிக்கலாம். இன்றைக்கே கூப்பிட்டு அணைத்துக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனை, ஒரு தாய்: கடன் தாங்க முடியவில்லை, குவைத்துக்குப் போக ஏஜென்சியில் பதிந்திருக்கிறேன். மகனுக்கு ஐந்து வயது. அவன் கெட்டுப்போவானா?

போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருகிறது. ஆனால் உங்கள் கடனை நான் கட்டப்போவதில்லை, அதனால் போனால் எப்படிப் போவது என்று சொல்கிறேன். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது போகாதீங்க. எத்தனையோ பேர் அழுகையைப் பார்க்க முடியாமல் அப்படித்தான் விடியச்சாமம் வேன் ஏறுகிறார்கள், அதற்குப் பிறகு கண்ணை மூடவே பயப்படும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லுங்கள், அழட்டும், நீங்களும் அழுங்கள். யார் பார்ப்பது என்று ஒரே ஆளை முடிவுசெய்யுங்கள், இந்த மாதம் அம்மம்மா அடுத்த மாதம் மாமி என்று மாற்ற வேண்டாம். அந்த ஆள் இல்லாத நேரம் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் கண்டிப்பாகக் கேளுங்கள். பிள்ளைக்கு ஏதும் ஆபத்தென்றால் சிறுவர் உதவி எண் 1929க்கு அழைக்கலாம் என்று வீட்டாருக்கும் டீச்சருக்கும் சொல்லி வையுங்கள். போன் எடுக்கும் நாளும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். திரும்பி வரும்போது அவன் அம்மம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தால் மனம் உடையாதீங்க, இழுக்கவும் வேண்டாம். அவன் பழகி வர மாதக்கணக்கில் எடுக்கும், அதுவரை அம்மம்மாவோடேயே படுக்க விடுங்கள்.