சின்னவன் பேசினானா?

கேள்வி: எனக்கு 41 வயது. பெரம்பூரில் குடியிருக்கிறோம். அப்பா ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. அப்பா என்னோடும் என் மனைவியோடும் இருக்கிறார். தம்பிக்குப் புனேயில் வேலை. எனக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே கால்பந்து என்றால் உயிர். இந்தியன் சூப்பர் லீக்கின் 2019-20 சீசனில் ஓவன் கோய்ல் சென்னையின் எஃப்.சி.க்குக் கோச்சாக இருந்த அந்த மூன்று மாதத்தை எங்களால் மறக்க முடியாது. கோவாவுக்கு எதிரான செமிஃபைனலுக்கு அப்பாவையும் நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தம்பிதான் அவரைக் கையைப் பிடித்துப் படியேற்றினான். அவர் கடைசியாக ஸ்டேடியத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு மார்ச் 14-ம் தேதியும் நண்பர்களின் வாட்ஸாப் குரூப்பில் 2020-ல் அதே நாளில் நடந்த ஃபைனலைப் பற்றிப் பேசுவோம். இந்த முறை, "கோய்ல் நம்மை நட்டாற்றில் விட்டுவிட்டு ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனவர்" என்று எழுதினேன். "நல்ல வேலை கிடைச்சா யாரும் போவாங்க, அதுல என்ன தப்பு?" என்றான் தம்பி. "உனக்கு அது தப்பாத் தெரியாது, நீயும் விட்டுட்டுப் போனவன்தானே" என்று எழுதிவிட்டேன். சண்டை முற்றி, அவனைக் குரூப்பிலிருந்து நீக்கி, நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். அவன் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லிவிட்டேன். நான்கு மாதம் ஆகிறது. அப்பாவுக்குத் தனி ஃபோன் கிடையாது. "சின்னவன் பேசினானா?" என்று கேட்பார். "வேலை அதிகம் போலப்பா" என்று சமாளித்துக்கொண்டிருக்கிறேன். கோய்ல் விஷயத்தில் யார் சொன்னது சரி? எங்களில் யார் முதலில் பேச வேண்டும்?

— வாசகர், பெரம்பூர்

பதில்: கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். முழுக் கடிதத்தில் முக்கால்வாசி கோய்ல்தான். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்தது, செமிஃபைனலில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டியது, வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியது என்று ஒன்றையும் விடவில்லை நீங்கள். அப்பா கேட்கிற கேள்விக்கும் அதற்கு நீங்கள் சொல்லும் பதிலுக்கும் கடைசியில் இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியை விட்டு நகரப்போவதில்லை.

அப்பாவுக்குத் தனி ஃபோன் இல்லை. தம்பியின் குரல் அவர் காதுக்கு வர வேண்டுமென்றால் உங்கள் ஃபோன் வழியாக வர வேண்டும், இல்லையென்றால் உங்கள் மனைவியின் ஃபோன் வழியாக. ஒன்றை நீங்களே அடைத்துவிட்டீர்கள். இன்னொன்றை மனைவியைக் கொண்டு அடைத்துவிட்டீர்கள். அப்படியானால் தம்பியோடு நீங்கள் பேசவில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. ஒரு தகப்பனுக்கும் அவர் பெற்ற பிள்ளைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு நான்கு மாதமாக வழியை மறிக்கிறீர்கள். அந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

அப்புறம் அந்தப் பதில். "வேலை அதிகம் போலப்பா." சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பொய் என்றுதான் சொல்வேன். அதிலும் தம்பியின் தலையில் பழியைப் போடுகிற பொய். அந்தப் பிள்ளை புனேயில் உட்கார்ந்து நம்பரை அழுத்திப் பார்த்து, போகவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கலாம். இங்கே அப்பாவோ, சின்னவனுக்கு நம் ஞாபகமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போகிறார். வயதான காலத்தில் ஒரு மனிதரை அவருடைய சொந்தப் பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைக்க வைக்கிறீர்கள். ஒரு கோச் ஊரை விட்டுப் போனதைவிட இது எத்தனையோ மடங்கு பெரிய காரியம். உங்கள் கடிதத்தில் "வருத்தமாக இருக்கிறது" என்று ஓரிடத்தில் வருகிறது, ஆனால் அது நண்பர்கள் முன்னால் சண்டை ஆகிவிட்டதே என்பதற்காக. அப்பாவுக்காக அந்த வார்த்தை எங்கேயும் வரவில்லை. நான் இரண்டு முறை படித்துத் தேடினேன்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சொத்து, சீர், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனது என்று காரணங்கள் மாறும், அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவது மட்டும் மாறாது. அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஒன்றும் பெரிய ஆட்சேபம் இல்லை. ரோஷம் இருக்கிற இடத்தில் சண்டை வரத்தான் செய்யும். பெற்றவரை அந்தச் சண்டைக்கு இடையில் வைத்து நசுக்குவதை மட்டும் நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை.

சரி, கோய்லுக்கு வருவோம். கேட்டிருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று மாதம் உங்கள் மனதில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. 2018-ல் பெங்களூருவில் போய்க் கோப்பையைத் தூக்கிய அணி, அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. அதற்கடுத்த சீசனும் அதே மாதிரி ஆரம்பித்தது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளியோடு அப்போதைய கோச் ஜான் கிரிகரி விலகினார். டிசம்பர் முதல் வாரம் கோய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள்தான். கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், தாப்பா, சாங்டே. ஆனால் பயந்து பயந்து பின்னால் நின்ற அணி முன்னால் போய் ஆட ஆரம்பித்தது. நாலு வாங்கினாலும் பரவாயில்லை, நாமும் போடுவோம் என்று ஆடினார்கள். 29 புள்ளியோடு நான்காம் இடம். பிப்ரவரி 29-ம் தேதி நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று அடித்த அந்த ராத்திரி. மார்ச் 14-ம் தேதி கோவாவின் ஃபதோர்டாவில் கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஃபைனல். கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். உங்களால் போகவும் முடியவில்லை. ஊரடங்கு வந்தது. ஆகஸ்டில் கோய்ல் ஜாம்ஷெட்பூர் என்ற செய்தி வந்தது. பின்னாலேயே வால்ஸ்கிஸும் போனார். அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே நடந்து முடிந்தன. நேரு ஸ்டேடியத்தின் கேட் உங்களுக்காகத் திறந்தபோது 2022 அக்டோபர். கைதட்டி வழியனுப்பவும் இல்லை, முகத்துக்கு நேரே திட்டவும் இல்லை. பாதியில் நின்ற பேச்சு மாதிரி அது உங்களுக்குள் கிடக்கிறது. அதனால்தான் வருடா வருடம் கூடிப் பேசுகிறீர்கள். பேசுங்கள், அதில் குறையே இல்லை. ஒரு ஊர் தன் அணியை இப்படி ஞாபகம் வைத்திருப்பது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அவர் உங்களை நட்டாற்றில் விட்டார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்தில் பர்ன்லி ரசிகர்களைக் கேளுங்கள். 33 வருடம் கழித்து 2009-ல் அவர்களை மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோனவர் இதே கோய்ல்தான். 2010 ஜனவரியில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து ஊர் போல்டனுக்குப் போய்விட்டார். அந்த சீசன் முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. அவர்கள் கோபப்பட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. சென்னையில் அப்படி நடக்கவில்லை. சீசன் முடிந்தது, ஃபைனல் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் போனார். வேலை பார்க்க வந்தவர் வேலையை முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார். ஜாம்ஷெட்பூருக்கு 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவர்களுக்கான ஷீல்டும் வாங்கிக்கொடுத்தார். உங்கள் தம்பி சொன்னதுதான் சரி.

நீங்களும் உள்ளுக்குள் அதை ஒத்துக்கொண்டவர்தான். 2023-ல் கோய்ல் மறுபடி சென்னைக்கே வந்தபோது முதல் ஆளாக டிக்கெட் எடுத்ததாகக் கடிதத்தில் இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே. அவர் போன கோபம் மூன்று வருடம் கழித்து ஒரே நாளில் எங்கே போயிற்று? அந்த சீசனில் ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் போனபோது துள்ளிக் குதித்தீர்கள். முன்பின் பேசியறியாத ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குக் கொடுத்த மன்னிப்பை, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவனுக்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அப்பாவைக் கையைப் பிடித்துப் படியேற்றியவன் அவன். இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு உங்கள் பக்கம் இருப்பதையும் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது. "நீயும் விட்டுட்டுப் போனவன்தானே" என்று அந்த நேரத்துக் கோபத்தில் வந்துவிடவில்லை. வருடக்கணக்காகத் தொண்டையில் நின்றது. அப்பாவுக்கு ராத்திரி மூச்சிரைத்தால் ஆட்டோ பிடிக்க ஓடுவது நீங்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுக் காத்திருப்பது நீங்களோ உங்கள் மனைவியோ. அவள் எத்தனை நாள் லீவு போட்டாள் என்று யாரும் கணக்கு வைத்திருக்கப் போவதில்லை. புனேயிலிருந்து வீடியோ காலில் "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டு வைப்பது சுலபம். பெற்றவரைப் பார்ப்பது வீட்டில் இருக்கிற பிள்ளையின் வேலை என்று தூரத்தில் இருக்கிறவர்கள் தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அது தப்பு. இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும்தான் கடமை. மாதம் பணம் அனுப்பினால் தீர்ந்துவிடாது. வந்து உட்கார்ந்து, குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதை அவனிடம் என்றைக்காவது நேராகக் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேட்காமலே மனதில் வைத்துக்கொண்டு, ஒரு கோச்சின் பெயரைச் சாக்காக வைத்து, இருபது பேர் பார்க்கிற இடத்தில் போட்டு உடைத்தீர்கள். அவன் எப்படி அதைக் கடமையைப் பற்றிய கேள்வியாகக் கேட்டுக்கொள்வான்? அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வான். நியாயமான ஒரு குறையை நீங்களே பாழாக்கிவிட்டீர்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதலில் மனைவியிடம் போய், உன்னை அப்படிச் செய்யச் சொன்னது என் தப்பு என்று சொல்லுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் அவள் கையால் கதவை அடைக்க வைத்தீர்கள். நாளைக்கு "அண்ணிதான் பேச விடலை" என்று ஊர் பேசும், அந்தப் பழி உங்கள் மேல் வராது. அடுத்து, அப்பாவுக்குப் பட்டன் ஃபோன் ஒன்று வாங்குங்கள். பெரிய எழுத்து, பெரிய சத்தம் வருகிற மாதிரி. சின்னவன் நம்பரை முதல் பட்டனில் போட்டு, எப்படி அழுத்துவது என்று நான்கு முறை செய்து காட்டுங்கள். இனிமேல் அவர் பிள்ளையோடு பேச உங்கள் கோபதாபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அவன் பேசாமல் இல்லை, நான்தான் பேச விடவில்லை" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். கஷ்டமாக இருக்கும். திட்டுவார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருப்பார். வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவன் மேல் விழுந்த சந்தேகத்தை எடுக்க வேறு வழி கிடையாது.

குரூப்பில் அவனைத் திரும்பச் சேர்ப்பது, கோய்லைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தம்பியிடம் பேசும்போது கால்பந்தை எடுக்கவே எடுக்காதீர்கள். எழுதியது தப்பு என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு வேண்டியதை நேராகக் கேளுங்கள். வருடத்தில் இரண்டு முறை பத்துப் பத்து நாள் வந்து அப்பாவோடு இரு, அந்த நாட்களில் நானும் உன் அண்ணியும் கொஞ்சம் வெளியே போய் வருகிறோம் என்று கேளுங்கள். அப்பாவுக்கு அடுத்த செக்கப் எப்போது, யார் கூட்டிப் போவது என்று தேதி போட்டுப் பேசுங்கள். அவன் மறுத்தால் அடுத்த கடிதம் எனக்கு எழுதுங்கள், அப்போது உங்கள் தம்பிக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது இருக்கும்.

யார் முதலில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள்தான். மூத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் பேச நினைத்தாலும் பேச முடியாதபடி பூட்டியிருப்பது உங்கள் ஃபோன். இன்று ராத்திரி அப்பா சாப்பிட்டு முடித்து, "சின்னவன் பேசினானா?" என்று கேட்பதற்குள் அதைத் திறந்துவிடுங்கள்.